தடுக்கப்பட்ட பாட்டுக்கு வந்த விருதுகள்: ஸ்பெயின் இசைக் கலைஞர்களும் உலக அங்கீகாரமும்



அன்பின் உறவுகளே, இம்முறையும் ஒரு வரலாற்றுப் பதிவு. கொஞ்சம் நீளமானது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

அந்தலூஸ் என்றதும் எமக்கு உடனே நினைவுக்கு வருவது குர்துபாப் பள்ளிவாசல், அல்ஹம்ரா மாளிகை, இப்னு ருஷ்தின் கிதாபுகள். எல்லாம் கல்லும் கடதாசியும்தான். ஆனால் அந்த மண்ணிலிருந்து இன்றும் உயிரோடு கேட்கும் ஒன்று இருக்கிறது. அது அதன் இசை. கடந்த அறுபது வருடங்களுக்கும் மேலாக ஸ்பெயின் நாட்டு இசைக் கலைஞர்கள் கிராமி, லத்தீன் கிராமி, யூரோவிஷன், ஐக்கிய நாடுகள் சபையின் பதக்கம் என்று உலகத்தின் பெரிய மேடைகளில் ஏறியிருக்கிறார்கள். அந்த விருதுப் பட்டியலை நாட்டின் வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு விடயம் தெரிகிறது. ஸ்பெயினுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்த பாட்டிலும் வாத்தியத்திலும் பெரும்பகுதி, அந்நாட்டு ஆட்சியாளர்கள் ஒரு காலத்தில் தடுத்த, துரத்திய, கேவலமாக நினைத்த மக்களுடையது. இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல். இசை மார்க்கத்தில் எந்த அளவுக்குக் கூடும், கூடாது என்பது உலமாக்கள் நூற்றாண்டுகளாகப் பேசிவரும் விடயம். அதற்குள் நாம் போகவில்லை. இது வரலாற்றுப் பாடம் மட்டுமே.

முதல் கிராமியும் ஒரு கிட்டாரும்

1959 மே 4ஆம் திகதி. அமெரிக்காவில் கிராமி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. ஒலிப்பதிவுத் துறையில் இருக்கும் பாடகர்கள், இசைஞர்கள், தொழில்நுட்பவியலாளர்கள் தாமே வாக்களித்துத் தெரிவுசெய்யும் விருது இது. வெற்றியாளர் கையில் கொடுப்பது தங்க நிறத்தில் ஒரு சின்னக் கிராமபோன். அந்த முதல் வருடத்திலேயே, சாஸ்திரிய இசையில் தனி வாத்தியத்துக்கான விருது ஒரு ஸ்பெயின்காரருக்குப் போனது. அவர் அந்திரேஸ் செகோவியா. மேடையேறி ஐம்பது வருடம் நிறைவதையொட்டி வெளியான 'கோல்டன் ஜூபிலி' இசைத்தட்டுத் தொகுப்புக்காக அது கிடைத்தது.

செகோவியா 1893இல் ஆந்தலூசியாவின் லினாரெஸ் ஊரில் பிறந்து கிரனாடாவில் வளர்ந்தவர். அக்காலத்தில் மரியாதையான குடும்பத்துப் பிள்ளை பியானோ படிக்கும், வயலின் படிக்கும். கிட்டார் என்பது சாராயக் கடையிலும் நாவிதர் கடையிலும் ஜிப்சிகளின் குகைகளிலும் வாசிக்கும் வாத்தியம். வீட்டார் விரும்பவில்லை. பெரும்பாலும் தானாகவே கற்று, 1909இல் பதினாறு வயதில் கிரனாடாவில் முதல் கச்சேரி செய்தார். பிறகு பாரிஸ், நியூயோர்க் என்று உலகம் முழுக்கப் போனார். 1936இல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் நாட்டை விட்டு வெளியேறி, பல வருடம் உருகுவேயின் மொண்டெவிடியோ நகரில் வாழ்ந்தார்.

கிராமிக்குப் பிறகு 1974இல் டென்மார்க்கின் சோனிங் விருது, 1985இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஃபொன் சீமென்ஸ் விருது, 1986இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது என்று வந்துகொண்டே இருந்தன. சொந்த நாட்டின் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தது 1981இல். அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. கிட்டாரை ஃபிளமெங்கோக்காரர்களின் கையிலிருந்து மீட்டுக் கச்சேரி மண்டபத்துக்குக் கொண்டுபோவதே தனது வேலை என்று செகோவியா நினைத்தார். வாத்தியத்துக்கு மரியாதை கிடைத்தது. அதை அதுவரை காப்பாற்றி வைத்திருந்த ஏழைகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர்களின் முறை வர இன்னும் பல வருடம் எடுத்தது.

அந்த வாத்தியம் எங்கிருந்து வந்தது?

ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் தொடக்கம், அதாவது கி.பி. 822. பக்தாதில் இசை கற்ற ஸிர்யாப் என்ற கலைஞர் குர்துபாவுக்கு வந்து சேர்ந்தார். ஆட்சியாளர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்றார். ஊத் வாத்தியத்துக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்த்தவர், கழுகின் இறகால் தந்தியை மீட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர், இசைக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் நடத்தியவர் என்று வரலாற்று நூல்கள் அவரைப் பற்றிச் சொல்கின்றன.

'அல் ஊத்' என்ற அறபுச் சொல்தான் ஸ்பானிய மொழியில் 'லாவுத்' ஆனது, ஆங்கிலத்தில் 'லூட்' ஆனது. நாம் 'தப்' என்கிறோமே, அதே 'அத்துஃப்' அங்கே 'அதுஃபே'. 'அத்தப்ல்' என்ற முரசு 'அதபால்'. 'அந்நஃபீர்' என்ற எக்காளம் 'அனியாஃபில்'. 13ஆம் நூற்றாண்டின் கஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபொன்சோவின் பாடற் சுவடிகளில் முஸ்லிம் இசைஞரும் கிறிஸ்தவ இசைஞரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வாசிக்கும் ஓவியம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஹுவான் ரூயிஸ் என்ற பாதிரியார் தனது நூலில் இரண்டு கிட்டார்களைக் குறிப்பிடுகிறார். ஒன்று லத்தீன் கிட்டார். மற்றது 'கித்தாரா மொரிஸ்கா', அதாவது முஸ்லிம்களின் கிட்டார்.

தடை

1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடா வீழ்ந்தது. சரணடையும்போது செய்த உடன்படிக்கையில், முஸ்லிம்கள் தமது மார்க்கத்தோடும் வழக்கங்களோடும் வாழலாம் என்று எழுதப்பட்டிருந்தது. பத்து வருடத்துக்குள் அந்த வாக்குறுதி காற்றில் போனது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்டவர்களை 'மொரிஸ்கோ' என்று அழைத்தார்கள்.

1567 ஜனவரி 1ஆம் திகதி, இரண்டாம் பிலிப் மன்னரின் பெயரில் கிரனாடாவில் ஒரு சட்டம் அறிவிக்கப்பட்டது. அறபு பேசக்கூடாது. அறபில் எழுதக்கூடாது. பெண்கள் முகத்தை மூடக்கூடாது. குளியல் மண்டபங்கள் கூடாது. அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. திருமணங்களிலும் கொண்டாட்டங்களிலும் பாடி ஆடும் 'ஸம்ப்ரா' கூடாது.

அப்போது ஃபிரான்சிஸ்கோ நூனியெஸ் முலே என்ற முதிய மொரிஸ்கோப் பெரியவர் அதிகாரிகளிடம் ஒரு முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தார். அவருடைய வாதம் இன்றைக்கும் வாசிக்கத் தக்கது. ஸம்ப்ரா மதச் சடங்கு அல்ல, அது இந்த ஊரின் வழக்கம், மற்ற முஸ்லிம் நாடுகளில் இதே மாதிரி கிடையாது, முன்னைய பேராயர் தலவேரா தேவாலய ஊர்வலத்திலேயே இதை அனுமதித்தவர் என்றெல்லாம் எடுத்துச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அல்புஹார்ரா மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. அது அடக்கப்பட்டு மக்கள் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 முதல் 1614 வரை சுமார் 3 இலட்சம் மொரிஸ்கோக்கள் நாட்டிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள்.

போனவர்கள் பாட்டையும் கொண்டுபோனார்கள். மொரோக்கோ, அல்ஜீரியா, தூனிசியா நாடுகளில் அந்தலூஸ் இசை இன்றும் பாடப்படுகிறது. தில்ம்சான் நகரில் அதன் பெயரே 'கர்னாதி', கிரனாடாவின் இசை என்று அர்த்தம்.

தடை முஸ்லிம்களோடு நிற்கவில்லை. வட இந்தியாவிலிருந்து தலைமுறை தலைமுறையாக நடந்து 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் வந்து சேர்ந்த ஜிப்சி மக்களும் அதே கையால் அடிக்கப்பட்டார்கள். அங்கே அவர்களை 'ஹித்தானோ' என்பார்கள். 1499 முதல் அவர்களுக்கு எதிராகச் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. 1749இல் ஒரே நடவடிக்கையில் ஆயிரக்கணக்கான ஜிப்சிகள், ஆண்கள் வேறாகப் பெண்கள் வேறாகப் பிரித்துச் சிறைபிடிக்கப்பட்டார்கள். அந்த மக்களின் குடிசைகளிலும் கொல்லர் பட்டறைகளிலும் உருவானதுதான் இன்று உலகம் கொண்டாடும் ஃபிளமெங்கோ.

கிரனாடாவில் சக்ரொமொந்தே என்ற குன்றுக் குகைகளில் ஜிப்சிகள் இன்றும் ஆடும் ஆட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'ஸம்ப்ரா'. 1567இல் தடைசெய்யப்பட்ட அதே சொல். இன்று அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து வருகிறார்கள்.

அல்ஹம்ரா முற்றத்தில் ஒரு போட்டி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படித்த ஸ்பானியர் பலருக்கு ஃபிளமெங்கோ வெட்கக்கேடாகவே இருந்தது. அதை மாற்ற நினைத்தவர்களில் இருவர் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் இளம் கவிஞர் லோர்காவும். 1922 ஜூன் 13, 14ஆம் திகதிகளில் அல்ஹம்ராவின் முற்றத்தில் ஆழ்ந்த பாடல் எனப்படும் 'காந்தே ஹொந்தோ'வுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். தொழில்முறைப் பாடகர்களுக்கு இடமில்லை, ஊர்ப் பாடகர்களுக்கு மட்டுமே. பரிசு பெற்றவர்களில் ஒருவர் 'எல் தெனாஸாஸ்' என்ற முதியவர். இன்னொருவர் பிற்காலத்தில் மனோலோ கரக்கோல் என்று புகழ்பெற்ற ஜிப்சிச் சிறுவன்.

இப்பாடலின் வேர்களைப் பற்றி ஃபாயா அப்போது எழுதினார். மூன்று வேர்களைச் சொன்னார்: பழைய பைசாந்தியத் தேவாலய இசை, முஸ்லிம்களின் வருகை, ஜிப்சிகளின் வருகை. ஸ்பெயினின் மிகப் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் இதை வெளிப்படையாகச் சொன்னது அன்றைக்குச் சிறிய விடயம் அல்ல. பதினான்கு வருடத்தின் பின் லோர்கா கிரனாடாவுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபாயா 1939இல் ஆர்ஜென்டினா சென்று அங்கேயே காலமானார். அவர்கள் போட்ட விதை முளைத்தது பிறகு.

இறந்த பிறகு வந்த விருதுகள்

ஸ்பானிய, போர்த்துக்கேய மொழி இசைக்கென்று லத்தீன் கிராமி 2000ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் ஃபிளமெங்கோவுக்குத் தனிப் பிரிவு இருந்தது. முதல் விருது 'பாரிஸ் 1987' என்ற கச்சேரிப் பதிவுக்காக, கமரோன் தே லா இஸ்லாவுக்கும் கிட்டார் கலைஞர் தொமாதித்தோவுக்கும் கிடைத்தது. கமரோன் ஒரு ஜிப்சிக் கொல்லரின் மகன். ஃபிளமெங்கோ வரலாற்றின் மிகச் சிறந்த குரல்களில் ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் குரல். ஆனால் அவர் 1992இலேயே, 41 வயதில் இறந்துவிட்டார். விருது வந்தது எட்டு வருடம் கழித்து.

கமரோனுக்குப் பல வருடம் கிட்டார் வாசித்தவர் பாக்கோ தே லூசியா. அவர் ஜிப்சி அல்லர், ஆனால் ஜிப்சிகளுடன் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளை. 'லூசியா' என்பது அவருடைய தாயின் பெயர். பிறந்த ஊர் அல்ஹெசிராஸ். அறபில் 'அல் ஜஸீரத்துல் கழ்ரா', பச்சைத் தீவு. 2004இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருது, 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியின் கௌரவ கலாநிதிப் பட்டம் ஆகியவை அவருக்குக் கிடைத்தன. 2014 பெப்ரவரியில் மெக்சிகோவில் திடீரென்று காலமானார். அந்த வருடக் கடைசியில் அவருடைய இறுதித் தொகுப்பான 'கன்சியோன் ஆந்தலூசா' லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்பாகத் தெரிவானது. ஃபிளமெங்கோப் பிரிவு என்ற சின்ன அறையில் அல்ல, எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான பெரிய விருது அது. ஆனால் அதைக் கையில் வாங்க அவர் இல்லை.

மொழிக்காக மேடையை விட்டவர்கள்

ஒதுக்கப்பட்டவை முஸ்லிம்களின், ஜிப்சிகளின் குரல்கள் மட்டும் அல்ல. ஜெனரல் ஃபிராங்கோவின் சர்வாதிகார ஆட்சியில் (1939 - 1975) கத்தலான் மொழியும் ஒடுக்கப்பட்டது.

பாவ் கசல்ஸ் என்ற செல்லோ வாத்தியக் கலைஞர் 1876இல் கத்தலோனியாவில் பிறந்தவர். ஃபிராங்கோ வென்றதும் பிரான்ஸ் எல்லையிலுள்ள பிராத் என்ற சிற்றூரில் அகதியாகத் தங்கினார். இரண்டாம் உலகப் போரின் பின்னும் வல்லரசுகள் ஃபிராங்கோவைச் சகித்துக்கொண்டதைக் கண்டித்து, மேடைகளில் வாசிப்பதையே நிறுத்தினார். உலகின் தலைசிறந்த செல்லோக் கலைஞர், உழைப்பின் உச்சத்தில், வாத்தியத்தைக் கீழே வைத்தார். பணமும் புகழும் தாமாக வரும்போது கதவைச் சாத்துவதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

1961இல் ஜனாதிபதி கென்னடியின் அழைப்பில் வெள்ளை மாளிகையில் வாசித்தார். 1971 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபையில் பொதுச் செயலாளர் ஊ தாண்ட் அவருக்குச் சமாதானப் பதக்கம் அணிவித்தார். அப்போது கசல்ஸுக்கு வயது 94. அந்த மேடையில் அவர் தான் ஒரு கத்தலோனியன் என்று சொல்லி, தனது ஊரின் பழைய நாட்டார் பாடல் ஒன்றை வாசித்தார். சொந்த நாட்டில் சொல்ல முடியாததை உலகத்தின் சபையில் சொன்னார். 1973இல் புவேர்ட்டோ ரிக்கோவில் இறந்தார். அவருடைய உடல் ஊர் திரும்பியது 1979இல், சர்வாதிகாரம் முடிந்த பிறகு. கிராமியின் வாழ்நாள் சாதனை விருது 1989இல்.

அடுத்தது ஒரு பாட்டுப் போட்டி. 1968இல் லண்டனில் நடந்த யூரோவிஷனுக்கு ஸ்பெயின் அனுப்பத் தெரிவுசெய்தது ஜொவான் மனுவேல் செர்ராத் என்ற இளம் பாடகரை. அவர் கத்தலான் மொழியில்தான் பாடுவேன் என்றார். ஆட்சி சம்மதிக்கவில்லை. அவருக்குப் பதில் மசியேல் என்ற பாடகி அதே 'லா லா லா' பாடலை ஸ்பானிய மொழியில் பாடி, பிரித்தானியாவின் கிளிஃப் ரிச்சர்டை ஒரே ஒரு புள்ளியால் வென்றார். 29க்கு 28. யூரோவிஷனில் ஸ்பெயினின் முதல் வெற்றி அது. வெற்றிக் கிண்ணம் நாட்டுக்கு வந்தது, மொழி வெளியே நின்றது. 1975இல் அரசின் மரண தண்டனைகளைக் கண்டித்ததால் செர்ராத் மெக்சிகோவில் தங்கிவிட நேர்ந்தது.

அதே செர்ராத்தை லத்தீன் இசைக் கழகம் 2014இல் ஆண்டின் மனிதராகக் கௌரவித்தது. பாக்கோவின் தொகுப்பு வென்ற அதே வருடம்! 2024இல் அஸ்தூரியாஸ் இளவரசி விருதும் அவருக்குக் கிடைத்தது. மறுக்கப்பட்ட மேடைக்கும் இந்த விருதுக்கும் இடையே 56 வருடங்கள்.

ரொசாலியாவும் செவில் நகரமும்

இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் ரொசாலியா. கத்தலோனியாவைச் சேர்ந்தவர், இசைக் கல்லூரியில் ஃபிளமெங்கோ படித்தவர். 13ஆம் நூற்றாண்டுக் காதல் கதை ஒன்றை அடிப்படையாக வைத்துத் தனது பட்டப்படிப்பு வேலையாக அவர் தொடங்கியதே 'எல் மல் கெரேர்' தொகுப்பு. அது 2019இல் லத்தீன் கிராமியின் ஆண்டின் சிறந்த தொகுப்பு விருதையும், 2020இல் கிராமி விருதையும் வென்றது. 2022இல் 'மோட்டோமாமி' தொகுப்புக்கு மீண்டும் அதே லத்தீன் கிராமிப் பெரு விருது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. ஜிப்சி மக்களின் பாணியையும் பேச்சுவழக்கையும் எடுத்துப் பாடி, ஜிப்சி அல்லாத ஒருவர் உலகப் புகழ் பெறுகிறாரே, அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்று ஜிப்சிச் செயற்பாட்டாளர்கள் கேட்டார்கள். ரொசாலியாவின் திறமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் செகோவியா காலத்துக் கேள்விதான் இதுவும். வாத்தியத்துக்கு வந்த மரியாதை வாசித்தவனின் குடிசைக்கும் போனதா?

2023 நவம்பர் 16ஆம் திகதி லத்தீன் கிராமி விழா முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது. இடம் செவில், எமது நூல்களில் 'இஷ்பீலியா'. திகதியைக் கவனியுங்கள். 2010இல் யுனெஸ்கோ ஃபிளமெங்கோவை மனிதகுலத்தின் மரபுச் சொத்தாகப் பதிவு செய்ததும் நவம்பர் 16ஆம் திகதியில்தான். விழாவைத் தொடங்கி வைத்துப் பாடியவர் ரொசாலியா. 1749இல் ஜிப்சிகளைச் சிறைபிடித்த ஆந்தலூசியாவின் தலைநகரம், இன்று அவர்களின் கலையைத் தனது அடையாளமாக உலகத்துக்குக் காட்டுகிறது.

நியாயமாகப் பேசுவோம்

ஸ்பெயினின் எல்லா விருதும் இந்தக் கதைக்குள் அடங்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. மொன்செராத் கபாயே இத்தாலிய ஒப்பராப் பாடல்களுக்காகக் கிராமி வென்றார். ஹூலியோ இக்லேசியாஸ் காதல் பாடல்களால் உலகப் புகழ் பெற்று, 1988இல் கிராமியும் 2019இல் வாழ்நாள் சாதனை விருதும் பெற்றார். அவர்கள் வழி வேறு. ஆனால் பியானோக் கலைஞர் அலிசியா தே லரோச்சாவைப் பாருங்கள். 1989இல் அவருக்குக் கிராமி வாங்கிக் கொடுத்த ஒலிப்பதிவில் முக்கியமானது அல்பேனிஸ் எழுதிய 'இபேரியா'. அதில் ஒரு பகுதியின் பெயர் 'எல் அல்பைசின்', கிரனாடாவின் பழைய முஸ்லிம் குடியிருப்பின் பெயர். பியானோவே அங்கே கிட்டாராக மாறித்தான் பேசுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 'ஃபிளமெங்கோ அறபுச் சொல்', '"ஒலே" என்பது அல்லாஹ் என்பதன் திரிபு', 'கிட்டாரைக் கண்டுபிடித்தவர் ஸிர்யாப்' என்றெல்லாம் வட்ஸ்அப்பில் சுற்றும். முதலாவது, ஆந்தலூசியச் சிந்தனையாளர் பிளாஸ் இன்ஃபாந்தே முன்வைத்த ஊகம். நிரூபிக்கப்பட்டது அல்ல. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பிழை. ஸிர்யாபின் வாத்தியம் ஊத். எமக்கு உரிய பங்கே போதுமான அளவு இருக்கிறது. ஜிப்சிகளின் உழைப்பையும் சேர்த்து எமது கணக்கில் எழுதத் தேவையில்லை. பறிகொடுத்தவர்கள் இன்னொருவரிடமிருந்து பறிக்கக்கூடாது.

எமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜோர்தி சவாய் என்ற கத்தலோனியக் கலைஞர் இருக்கிறார். 1941இல் பிறந்தவர். பழங்கால வாத்தியங்களைத் தேடியெடுத்து, மறந்துபோன இசையை மீட்டு வாசிப்பவர். 2011இல் கிராமி, 2012இல் சோனிங் விருது, அதற்கு முன் 2008இல் யுனெஸ்கோவின் சமாதானக் கலைஞர் பட்டம். 2014இல் தனது நாட்டு அரசின் தேசிய இசை விருதை, கலையை அரசு புறக்கணிக்கிறது என்று சொல்லி மறுத்தவரும் இவர்தான். மொரோக்கோ, சிரியா, துருக்கி, ஆப்கானிஸ்தான் கலைஞர்களை ஒரே மேடையில் உட்காரவைத்து முஸ்லிம் கிரனாடாவின் வரலாற்றை இசையில் சொன்னார். இப்னு பதூதாவின் பயணத்துக்கும் ஓர் இசைத் தொகுப்பு செய்தார். இப்னு பதூதா 1344இல் எமது நாட்டுக்கு வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவாதமலை ஏறியவர். சில வருடத்தின் பின் கிரனாடாவுக்கும் போனவர். எமது கரையையும் அந்தலூஸையும் ஒரே காலடி தொட்டிருக்கிறது.

இதைவிடக் கசப்பான தொடர்பு ஒன்றும் உண்டு. ஸம்ப்ராவைத் தடுத்த இரண்டாம் பிலிப், 1580இல் போர்த்துக்கலின் முடியையும் சூடிக்கொண்டார். 1640 வரை இரு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. 1609இல் மொரிஸ்கோக்களை வெளியேற்றியவர் அவர் மகன் மூன்றாம் பிலிப். பேரன் நான்காம் பிலிப் ஆட்சியில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். இன்றும் அரச ஆவணங்களில் எம்மைக் குறிக்கும் 'மூர்' என்ற சொல், ஐபீரிய நாட்டவர் அந்தலூஸ் முஸ்லிம்களுக்கு வைத்த பெயர். போர்த்துக்கேயர் அதைக் கப்பலில் கொண்டுவந்து எம்மீது ஒட்டினார்கள். பதினேழு வருட இடைவெளியில், ஒரே முடியின் கீழ், இரண்டு கரைகளில் வெளியேற்றம்.

ஸ்பெயினில் அந்தக் குரல்கள் தப்பியது விருதுக் குழுக்களால் அல்ல. விருதுகள் எல்லாம் கடைசியில் வந்தவை. வீட்டில், திருமணத்தில், பட்டறையில், குகையில் பாடியவர்கள் இருந்தார்கள். பிறகு ஃபாயா போலச் சிலர் அதை மதித்துக் கேட்டு எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் வந்தது.

எமது கிழக்கிலும் நாட்டார் கவிகள் உண்டு. தாலாட்டு உண்டு. களிகம்பும் பொல்லடியும் உண்டு. அவற்றை அறிந்த மூத்தவர்கள் வருடத்துக்கு வருடம் எம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிராமி வேண்டாம். உங்கள் உம்மம்மாவுக்கு, வாப்பும்மாவுக்குத் தெரிந்த கவி ஒன்றை இந்த விடுமுறையில் கையடக்கத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், அவர் யாரிடம் கேட்டுக் கற்றார், பதிந்த திகதி ஆகிய நான்கையும் கூடவே எழுதி வையுங்கள். பதிந்ததை எமக்கும் அனுப்பினால், பாடசாலையில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவோம்.